உப்புக்கு எரிந்த காடு: லேசோ தீவின் நிலமும் வரலாறும்

டென்மார்க்கையும் சுவீடனையும் பிரிக்கும் கட்டேகாட் கடலில் உள்ள தீவுகளில் மிகப் பெரியது லேசோ. பெரியது என்பது அந்தக் கடலை வைத்துச் சொல்வது. தீவின் பரப்பு 120 சதுர கிலோமீட்டரைக்கூட எட்டவில்லை. ஜட்லாந்துத் தீபகற்பத்தின் வடகிழக்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 19 கி.மீ. தொலைவில் அது இருக்கிறது. பிரெடெரிக்சாவ்ன் துறைமுகத்தில் புறப்படும் கப்பல் ஒன்றரை மணி நேரத்தில் தீவின் மேற்கு முனையான வெஸ்டரோ துறையை அடைகிறது. நடுவில் பியூரம், கிழக்கில் ஓஸ்டர்பி என இன்னும் இரண்டு ஊர்கள். மொத்த மக்கள்தொகை சுமார் 1,800. டென்மார்க்கின் 98 நகராட்சிகளில் மக்கள் எண்ணிக்கையால் மிகச் சிறியது இதுதான். 2007இல் நாடு முழுவதும் சிறிய நகராட்சிகள் ஒன்றாக இணைக்கப்பட்டபோதும் லேசோ தனித்தே நின்றது.

தீவில் மலை கிடையாது. மிக உயர்ந்த இடமும் ஒரு மணல்மேடுதான்; அதன் உயரம் 30 மீட்டருக்கும் குறைவு. வடபாதியில் மணல்மேடுகளும் பைன் காடுகளும், நடுவில் வயல்களும் புதர்வெளிகளும், தெற்கில் கடலுக்கும் தரைக்கும் எல்லை தெரியாத உவர்ப் புல்வெளிகளும் உள்ளன. ரொன்னர்ன என்று அழைக்கப்படும் அந்தத் தென்பகுதியில்தான் லேசோவின் வரலாற்றுக்கான திறவுகோல் கிடக்கிறது. தீவு செல்வம் சேர்த்ததும் பின்னர் வறுமையில் விழுந்ததும் அந்தத் தாழ்நிலத்தின் அடியில் தேங்கிய நீரால்தான்.

லேசோ வயதில் இளைய நிலம். பனியூழியில் ஸ்காண்டிநேவியாவின் மேல் கிலோமீட்டர் கணக்கில் பனிப்பாளம் படர்ந்திருந்தது. அதன் பாரத்தால் நிலம் கீழே அமுங்கிப் போனது. பனி உருகியபின் அந்த நிலம் மெல்ல மெல்ல எழும்பத் தொடங்கியது, இன்றும் எழும்பிக்கொண்டிருக்கிறது. ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன்னர்தான் லேசோவின் முதல் திட்டுகள் அலைகளுக்கு மேலே தலைகாட்டின. பிறகு ஒவ்வொரு காலத்துக் கரையும் உயர்ந்து உள்நாட்டு மேடாக மாற, அதற்கு வெளியே புதிய கரை உருவாயிற்று. இப்படி வரிசையாக நிற்கும் பழைய கடற்கரை மேடுகள் நிலவியலாளர்களுக்குக் காலக்கணக்கேடாகப் பயன்படுகின்றன. பண்டைய கடல்மட்டம் எப்படி ஏறி இறங்கியது என்பதை அவர்கள் இந்த மேடுகளிலிருந்தே கணித்திருக்கிறார்கள். தெற்கில் கடல் மிக ஆழமற்றது. நிலம் சில மில்லிமீட்டர் உயர்ந்தாலே அங்கே கரை பல அடி தூரம் நகர்ந்துவிடும்.

வடநாட்டுப் புராணங்களிலும் இத்தீவுக்கு இடமுண்டு. 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்து அறிஞர் ஸ்நோரி ஸ்டுர்லுசன் தொகுத்த எட்டா நூல், கடலுக்கு உரியவனான ஏகிர் ஹ்லேசே என்ற தீவில் வாழ்ந்ததாகச் சொல்கிறது. ஏகிருக்கு ஹ்லேர் என்றும் பெயர் உண்டு. ஹ்லேசே என்பது லேசோவே என ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கப்பல்களை விழுங்கும் மணல்திட்டுகள் சூழ்ந்த இந்தத் தீவைக் கடலின் தலைவனுக்கு வீடாக்கியவர்கள் அந்தக் கடலை நன்கு அறிந்த மாலுமிகளாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

நிலையான குடியிருப்பும் உப்புத் தொழிலும் இடைக்காலத்தில் சேர்ந்தே வளர்ந்தன. டென்மார்க் போன்ற குளிர்நாட்டில் பாத்தி கட்டி வெயிலில் உப்பு விளைவிக்க முடியாது. காய்ச்சித்தான் எடுக்க வேண்டும். தீவைச் சுற்றியுள்ள கடல்நீரில் உப்பின் அளவு 3 விழுக்காட்டுக்கும் குறைவு. அதில் இரண்டரை விழுக்காடு உப்பு இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு கிலோ உப்பு எடுக்க 39 கிலோ நீரை ஆவியாக்க வேண்டும். எந்தக் காடும் அதற்குத் தாங்காது. லேசோவில் மட்டும் இயற்கை இந்த வேலையில் பெரும்பகுதியைத் தானே செய்து வைத்திருந்தது.

ரொன்னர்ன சமவெளி கடல்மட்டத்துக்குச் சற்றே மேலே இருக்கிறது. காற்று திசைமாறி வீசும்போது கடல் அதன்மேல் மெல்லிய படலமாகப் பரவுகிறது. காற்று தணிந்தபின் அந்த நீர் பள்ளங்களில் தேங்கி நின்றுவிடுகிறது. கட்டேகாட் தீவுகளில் மழை குறைவு. டென்மார்க்கின் வறண்ட பகுதிகளில் இவையும் அடங்கும். கோடைக்காலத்தின் நீண்ட பகலும் ஓயாத காற்றும் அந்த நீரைச் சுண்ட வைக்கின்றன. உப்பு செறிந்த நீர் கனமானது. ஆகவே அது மணலுக்குள் இறங்குகிறது. ஆனால் வெகுதூரம் இறங்க வழியில்லை. சில அடிகளுக்குக் கீழே பனியூழிக் கடலில் படிந்த களிமண் அடுக்கு நீர் ஊடுருவ விடாமல் தடுக்கிறது. ஆண்டுதோறும் இது நடந்ததால் அந்தக் களிமண்ணின் மேல் செறிந்த உவர்நீர் சேர்ந்தது. சில இடங்களில் அதன் உப்பளவு 12 முதல் 15 விழுக்காடு வரை எட்டுகிறது. வடக்கு ஐரோப்பாவில் இத்தகைய இடங்கள் மிக அரிது.

இந்த நீரைக் கண்டறிந்தவர்கள் யார் என்பதற்குப் பெயரில்லை. 12ஆம் நூற்றாண்டில் தொழில் நடந்துகொண்டிருந்தது என்பதற்கு அகழாய்வுகள் சான்று தருகின்றன. முறை எளியது. மணலில் ஆழம் குறைந்த கிணறு வெட்டுவார்கள். அதில் ஊறும் உவர்நீரை முகந்து, அருகிலுள்ள குடிசையில் அகன்ற இரும்புத் தட்டங்களில் ஊற்றுவார்கள். அடியில் விறகு நெருப்பு இரவும் பகலும் எரியும். நீர் சுண்டச் சுண்ட உப்புப் படிகங்கள் மேலே மிதந்து, பின் தட்டத்தின் அடியில் படியும். அதை வாரி எடுத்து நீர் வடிய வைப்பார்கள். நிலம் உயர்ந்து கரை தெற்கே நகர்ந்தபோது உவர்நீர் கிடைக்கும் இடமும் நகர்ந்தது. குடிசைகளும் அதன் பின்னாலேயே போயின. நூற்றுக்கணக்கான குடிசைகளின் தடங்கள் பழைய கரைமேடுகளின் மேல் வட்டமான சிறு மேடுகளாக இன்றும் தெரிகின்றன. ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தின் இடைக்காலத் தொல்லியலாளர் யென்ஸ் வெல்லெவ் 1990ஆம் ஆண்டுவாக்கில் தொடங்கிய அகழாய்வுகள்தான் இந்தத் தொழிலின் அளவை வெளிக்கொணர்ந்தன.

அன்றைய ஐரோப்பாவில் உப்பு சுவைக்கு மட்டுமான பொருள் அல்ல. ஆண்டின் பல நாட்களில் கிறித்தவர்கள் இறைச்சியை விலக்கி மீன் உண்டார்கள். அந்த மீனில் பெரும்பங்கு, பீப்பாய்களில் உப்பிட்டு அடைக்கப்பட்ட ஹெர்ரிங். குளிர்காலத்துக்கு வைக்கும் இறைச்சிக்கும் வெண்ணெய்க்கும் உப்பு வேண்டும். எனவே லேசோவின் உப்புக்கு எப்போதும் சந்தை இருந்தது. இடைக்காலத்தில் தீவு ஜட்லாந்தின் வீபோர்க் பேராலய குருமன்றத்துக்குச் சொந்தமாக இருந்தது. தீவு மக்கள் தங்கள் வரியை உப்பாகச் செலுத்தினார்கள். லூதரின் சீர்திருத்தம் 1536இல் டென்மார்க்கை மாற்றியபின்னும் இந்த ஏற்பாடு நெடுங்காலம் தொடர்ந்தது. ஆண்டுதோறும் இவ்வளவு உப்பு வரவேண்டும் என்று எதிர்பார்க்கும் நில உடைமையாளர் இருக்கும் இடத்தில், காட்டுக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று உழைப்பவர்கள் நினைத்தாலும் முடிந்திருக்காது.

செறிந்த உவர்நீரிலிருந்து ஒரு கிலோ உப்பு எடுக்கவும் சுமார் 6 கிலோ நீரை ஆவியாக்கியாக வேண்டும். எரிந்த வெப்பம் சிறிதும் வீணாகாது என்று வைத்துக்கொண்டாலும் அதற்கு ஒரு கிலோ அளவுக்கு உலர்ந்த விறகு தேவை. குடிசைக்குள் திறந்த அடுப்பில் பெரும்பாலான வெப்பம் புகையோடு போய்விடும் என்பதால், உண்மையில் செலவான விறகு அதைப் போலச் சில மடங்கு இருந்திருக்கும். ஐந்நூறு ஆண்டுகள் இது நடந்தது. ஒரு காலத்தில் காடு அடர்ந்திருந்த தீவில், 17ஆம் நூற்றாண்டில் மரம் அரிதாகிவிட்டது. பிரான்சின் மேற்குக் கரையிலிருந்தும் ஐபீரியாவிலிருந்தும் வெயிலில் விளைந்த மலிவான உப்பு கப்பல் கப்பலாக வந்து வடநாட்டுச் சந்தைகளை நிறைத்ததும் அதே காலம்தான். 1652இல் தீவில் உப்புக் காய்ச்சுவது தடைசெய்யப்பட்டது.

தடை வருவதற்குள் காலம் கடந்திருந்தது. லேசோவின் மேல்மண் கடல் ஒதுக்கிய மணல். அதைப் பிடித்து வைத்திருந்தவை மரங்களின் வேர்கள்தான். வேர்கள் போனதும் மேலைக்காற்று மணலைக் கிளப்பியது. மேடுகள் நகரத் தொடங்கின. வயல்கள் மூடப்பட்டன, பண்ணை வீடுகள் புதைந்தன, குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. தீவின் வடபகுதி பல தலைமுறைகளுக்குப் பயிரிட முடியாத மணல்காடாகிவிட்டது. காட்டை அழித்ததன் விலையை, அழித்தவர்களைவிட அவர்களின் பேரப்பிள்ளைகளே மிகுதியாகக் கொடுத்தார்கள் என்பது இந்த வரலாற்றில் மறைக்கக் கூடாத உண்மை. இப்போது அங்கே தெரியும் பைன் காடுகள் பழைய காட்டின் எச்சம் அல்ல. மணலை நிறுத்துவதற்காகப் பிற்காலத்தில் நட்டு வளர்த்தவை.

நிலம் கைவிட்டபின் ஆண்கள் கடலுக்குப் போனார்கள். மீன்பிடிப் படகுகளிலும் வணிகக் கப்பல்களிலும் மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில் வெளியே இருந்தார்கள். திரும்பாமல் போனவர்களும் உண்டு. உழவு, கால்நடை, அறுவடை, வீடு கட்டுதல் என்று கரையில் நடக்கவேண்டிய எல்லா வேலைகளும் பெண்களின் பொறுப்பாயின. தீவின் முடிவுகளிலும் அவர்களின் குரலுக்குப் பலமிருந்தது. வெள்ளி அணிகளோடு கூடிய லேசோப் பெண்களின் திருவிழா உடை டென்மார்க்கின் வட்டார உடைகளில் மிகவும் பெயர்பெற்றது. ஏழைத் தீவு ஒன்றில் இவ்வளவு வெள்ளி எப்படி வந்தது என்ற கேள்விக்கு, கடலோடிகள் கொண்டுவந்து சேர்த்த சம்பாத்தியம் என்பதே பொருத்தமான விடை.

கடல் இன்னொன்றையும் தந்தது. அந்நாளில் பால்டிக் கடலுக்குப் போகும் கப்பல்கள் பெரும்பாலும் கட்டேகாட்டைக் கடந்தாக வேண்டியிருந்தது. லேசோவைச் சுற்றிலும் மணல்திட்டுகளும் கல்திட்டுகளும் பரந்து கிடக்கின்றன. தீவுக்கு வடகிழக்கே உள்ள லேசோ டிரிண்டல் என்ற கல்திட்டு மாலுமிகளிடையே கெட்ட பெயர் எடுத்தது. டென்மார்க்கின் முதல் விளக்குக் கப்பல் 1829இல் நங்கூரமிட்டு நிறுத்தப்பட்டது அங்கேதான். அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் இங்கே தரைதட்டி உடைந்த கப்பல்கள் ஏராளம். அவற்றின் பலகைகளும் விட்டங்களும் கரையொதுங்கின. மரமே இல்லாத தீவில் அவையே வீடுகளுக்குத் தூணும் உத்தரமும் கைம்மரமும் ஆயின. பழைய லேசோ வீடுகளின் சட்டகத்தில், கப்பலில் இருந்தபோது துளைத்த ஆணித் துளைகளை இன்றும் காணலாம்.

சட்டகத்துக்குக் கப்பல் மரம் கிடைத்தது. கூரைக்கு என்ன செய்வது? டென்மார்க்கின் பிற பகுதிகளில் வைக்கோலோ நாணலோ வேய்ந்தார்கள். லேசோவின் மணல் வயல்களில் விளைந்த சிறிதளவு வைக்கோலும் மாட்டுக்கே போதவில்லை. இங்கே பெண்கள் கையில் எடுத்தது, புயலுக்குப் பின் கரையில் குவியும் கடற்புல். இது பாசி அல்ல. கடலடியில் வேரூன்றி, நீருக்குள்ளேயே பூத்துக் காய்க்கும் உண்மையான பூக்குந் தாவரம். நாடா போன்ற நீண்ட இலைகள் கொண்டது. கரையொதுங்கிய புல்லை வயல்களில் பரப்பி மழையில் அலசவிட்டு, மாதக்கணக்கில் உலரவிடுவார்கள். பின் அதைப் பிடிபிடியாக முறுக்கித் தடித்த புரிகளாக்குவார்கள். முறுக்கிய புரிகளை இறவாரத்திலிருந்து தொடங்கிக் குறுக்குச் சட்டங்களில் வரிசை வரிசையாகக் கட்டுவார்கள். அதற்குமேல் தளர்ந்த புல்லைக் குவித்து, ஏறி மிதித்து இறுக்கி, முகட்டில் புல்கரண்களை அடுக்கிப் பாரம் ஏற்றுவார்கள். ஊர்ப் பெண்கள் நாற்பது ஐம்பது பேர் ஒன்றுகூடி ஒரு வீட்டின் கூரையை முடிப்பது வழக்கம். கூரை வீட்டுக்காரியின் வேலையாக இல்லாமல் ஊர்ப் பெண்கள் எல்லோரின் வேலையாக இருந்தது.

இப்படி எழுந்த கூரை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் கனம். ஒரு வீட்டுக்கு 35 முதல் 40 டன் கடற்புல் தேவைப்பட்டது. அது சன்னல்களின் நெற்றிவரை இறங்கி வீட்டையே மூடிக்கொள்ளும். புல்லில் ஊறிய உப்பு அழுகலையும் பூச்சியையும் தடுத்தது. எளிதில் தீப்பற்றாமலும் காத்தது. குளிரும் வெப்பமும் உள்ளே நுழையாது. ஆண்டுகள் செல்லச் செல்லப் புல் இறுகி ஒரே திண்மமாகிவிடும். மேலே செடியும் புல்லும் முளைத்துக் கூரை ஒரு சிறு குன்றுபோல் தோன்றும். வைக்கோல் கூரை சில பத்தாண்டுகளில் மாற்றப்பட வேண்டியது. லேசோவின் கடற்புல் கூரைகளில் சில 300 ஆண்டுகளாக நிற்கின்றன. பற்றாக்குறையில் பிறந்த ஒரு தொழில்நுட்பம் வளமான ஊர்களின் கூரைகளைவிட நீடித்து நின்றது. லேசோ மனித அறிவுக்குத் தந்த பெருங்கொடை என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தீவில் சுமார் 250 கடற்புல் வீடுகள் இருந்ததாகக் கணக்கிடப்படுகிறது. 1930களின் தொடக்கத்தில் வட அட்லாண்டிக் கரைகள் முழுவதிலும் கடற்புல்லை ஒரு நோய் தாக்கியது. நுண்ணுயிர் ஒன்று இலைகளைக் கருக்கி அழித்தது. பரந்த நீரடிப் புல்வெளிகள் ஓரிரு ஆண்டுகளில் மறைந்தன. லேசோவின் கரையில் புல் ஒதுங்குவது நின்றது. பழைய கூரை பழுதானால் சீரமைக்கப் பொருள் இல்லை. புரி முறுக்கத் தெரிந்த கடைசித் தலைமுறைப் பெண்களும் மறைந்தார்கள். வீடுகள் ஓட்டுக்கும் தகரத்துக்கும் மாறின. இன்று எஞ்சியிருப்பவை இருபதுக்கு அருகில்.

21ஆம் நூற்றாண்டில் மீட்பு தொடங்கியது. கூரை வேய்பவர்கள் பழைய கூரைகளைப் பிரித்துப் பார்த்து, புரி முறுக்கிக் கட்டும் முறையைப் புதிதாகக் கற்றார்கள். பிற டென்மார்க் கரைகளிலிருந்து கடற்புல் வரவழைக்கப்பட்டது. கட்டட மரபைப் பேணும் ரியல்டானியா அறக்கட்டளை, கலினேயின் வீடு என்ற பழைய இல்லத்தைச் சீரமைத்தது. 2013இல் அதே அமைப்பு வந்த்குன்ஸ்டன் கட்டடக்கலை நிறுவனத்தைக் கொண்டு, கடற்புல்லையே கூரைக்கும் சுவர்க் காப்புக்கும் பயன்படுத்தும் புதிய வீடொன்றையும் கட்டியது. அருங்காட்சியகமாக உள்ள பழைய பண்ணை வீட்டில் கூரையின் கட்டுமானத்தை உள்ளிருந்தே பார்க்க முடிகிறது.

கடலடியிலும் இழந்ததைத் திருப்பி வைக்கும் பணி நடந்தது. துறைமுகங்களின் அலைதடுப்புகளுக்காக டென்மார்க்கின் கடலடிப் பாறைகள் நெடுங்காலமாக வாரி எடுக்கப்பட்டன. லேசோ டிரிண்டலும் அப்படிச் சிதைந்தது. பாறை இடுக்குகளில் வாழ்ந்த மீன்களும் பாறைமேல் அடர்ந்த பாசிக்காடுகளும் குறைந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு 2008இல் நார்வேயிலிருந்து பெரும் பாறைகள் கொண்டுவரப்பட்டு அங்கே இறக்கப்பட்டன. சில ஆண்டுகளிலேயே பாசிகளும் காட் மீன்களும் திரும்பின. தீவின் மீன்பிடித் தொழிலில் இன்று முதலிடம் நார்வே சிங்கி இறாலுக்கு. ஓஸ்டர்பி துறை அதற்குப் பெயர்பெற்றது.

லேசோவின் பெயர் ஐரோப்பியச் சட்ட நூல்களில் இடம்பெறக் காரணம் ஒரு தேனீ. வடக்கு ஐரோப்பாவின் பூர்விகமான பழுப்புத் தேனீ, இத்தாலியிலிருந்தும் பிற தென்பகுதிகளிலிருந்தும் கொண்டுவரப்பட்ட தேனீக்களோடு கலந்து பெரும்பாலான இடங்களில் தன் தனித்தன்மையை இழந்தது. கடல் சூழ்ந்த லேசோவில் அது பிழைத்திருந்தது. இராணித் தேனீ வானில் பறந்தபடி இணைசேர்வதால், வேலி போட்டு இனக்கலப்பைத் தடுக்க முடியாது. ஆகவே 1993இல் டென்மார்க் அரசு இத்தீவில் வேறு தேனீ வளர்ப்பதைத் தடைசெய்தது. தடையை மீறிய தேனீ வளர்ப்பாளர் ஒருவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. பொருள்களின் தடையற்ற போக்குவரத்துக்கு இது இடையூறு என்று அவர் வாதிட்டார். ஐரோப்பிய நீதிமன்றம் 1998 டிசம்பர் 3இல் தீர்ப்பளித்தது. தடை வணிகத்தைக் கட்டுப்படுத்துகிறது என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அழியும் நிலையிலுள்ள ஓர் உள்ளினத்தைக் காப்பதும் உயிரினப் பன்மையைக் காப்பதே என்பதால் அந்தக் கட்டுப்பாடு நியாயமானது என்றது. உயிரினப் பாதுகாப்புக்கும் வணிகச் சுதந்திரத்துக்கும் இடையிலான வழக்குகளில் இத்தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. தேனீ வளர்ப்பாளர்களிடையே பிணக்கு அதோடு தீர்ந்துவிடவில்லை. பின்னாளில் தீவின் கிழக்குப் பகுதியைப் பழுப்புத் தேனீக்கு ஒதுக்கும் ஓர் இணக்கம் எட்டப்பட்டது.

உப்பும் மீண்டும் காய்ச்சப்படுகிறது. அகழாய்வில் தெரிந்த அளவுகளைக்கொண்டு 1991இல் இடைக்கால மாதிரிக் குடிசை ஒன்று ரொன்னர்ன ஓரத்தில் எழுப்பப்பட்டது. ஆராய்ச்சிக்காகத் தொடங்கியது சிறு தொழிலாக வளர்ந்தது. இரும்புத் தட்டமும் விறகு நெருப்பும் அதே முறைதான். விறகு மட்டும் நட்டு வளர்த்த காடுகளிலிருந்து வருகிறது. பயணிகள் குடிசைக்குள் சென்று புகைக்கும் ஆவிக்கும் நடுவே வேலை நடப்பதைப் பார்த்து, துணிப்பையில் கட்டிய உப்பை வாங்கிச் செல்கிறார்கள். தோல் நோய்களுக்கு உவர்நீர்க் குளியல் தரும் நிலையமும் வெஸ்டரோ துறையில் இயங்குகிறது. வழிபாட்டுக்குப் பயன்படாமல் போன ஒரு தேவாலயக் கட்டடம் அதற்காக மாற்றி அமைக்கப்பட்டது. ரொன்னர்ன சமவெளியோ இன்று பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாகப் பாதுகாக்கப்படுகிறது. வலசைவரும் வாத்துகளுக்கும் கரைப்பறவைகளுக்கும் அது உணவும் ஓய்விடமும் தருகிறது. மாடுகளும் ஆடுகளும் மேய்ந்தால்தான் அந்தப் புல்வெளி புதராக மாறாமல் இருக்கும் என்பதால் மேய்ச்சல் ஊக்குவிக்கப்படுகிறது.

கோடையில் தீவின் மக்கள்தொகை பன்மடங்காகப் பெருகுகிறது. குளிர்காலத்தில் நிலைமை வேறு. இளைஞர்கள் மேற்படிப்புக்குத் தலைநிலத்துக்குப் போகிறார்கள், பலர் திரும்புவதில்லை. கோடைவாழ் வீடுகள் ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கின்றன. முதியோர் பங்கு நாட்டின் சராசரியைவிட அதிகம். பள்ளியும் மருத்துவ வசதியும் கப்பல் போக்குவரத்தும் தளராமல் இருந்தால்தான் புதிய குடும்பங்கள் வந்து தங்கும். நகராட்சியின் திட்டங்களில் பெரும்பாலானவை அதை நோக்கியே இருக்கின்றன. நிலம் இன்னும் உயர்ந்துகொண்டிருக்கிறது. ஆனால் உலகம் வெப்பமாவதால் கடல்மட்டம் அதைவிட வேகமாக உயரக்கூடும். அப்படி நடந்தால், 5,000 ஆண்டுகளாகத் தெற்கே வளர்ந்துவந்த லேசோவின் கரை முதல்முறையாகப் பின்வாங்கும். முதலில் மூழ்குவது ரொன்னர்ன சமவெளியும் அங்கே வரிசையாகக் கிடக்கும் உப்புக் குடிசைத் தடங்களுமாகவே இருக்கும்.